‘கொ’ மட்டும் ஏன் வேறு எழுத்துருவில்? முக்தா மலர் ஏற்றிய ஒரு தளத்தின் நிகழ்வு ஆய்வு

தளம் சாதாரணமானது. யூனிகோட் தமிழில் நீண்ட கட்டுரைகள், இடையிடையே ஆங்கிலப் பெயர்கள், ஆண்டுகள், ரூபாய்க் கணக்குகள். கட்டுரைக்கும் தலைப்புக்கும் எக் டைப் நிறுவனத்தின் முக்தா மலர் எழுத்துரு. 200 முதல் 800 வரை ஏழு தடிமன்களில் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. தளத்துக்குத் தேவைப்பட்டவை 400, 700 என்ற இரண்டு மட்டும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் ஸ்டைல்ஷீட் கோப்பில், எழுத்துருவை அறிவிக்கும் விதி ஏழெட்டு வரிதான். அதை எழுதி ஏற்றியதும் எழுத்துரு வந்துவிட்டது. வந்த பிறகு தெரிந்த குறைகள் ஆறு.

தலைப்புகள் மை கசிந்ததுபோல் தடித்தன; ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போயின. சில சொற்களில் ‘கொ’, ‘கோ’ மட்டும் வேறு எழுத்துருவில் நின்றன. ‘கு’, ‘டி’ ஆகியவை உடைந்து, உயிர்க்குறி தனியே ஒட்டவைத்ததுபோல் தெரிந்தது. ஒரு ஆங்கில எழுத்துகூட இல்லாத பக்கத்துக்கும் லத்தீன் எழுத்துருக் கோப்பு இறங்கியது. எழுத்துரு வந்து சேரும் நொடியில் பத்திகள் குதித்தன. கோப்புகளைத் துணைத்தளத்துக்கு மாற்றியதும் எழுத்துரு வருவதே நின்றது. ஆறுக்கும் காரணம் வேறுவேறு. இவற்றில் அதிகம் கவனிக்கப்படாதது இரண்டாவது. பிற மொழிகளுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில், வெளியிலிருந்து எடுப்பதா, நாமே வைத்துக்கொள்வதா

கூகுள் ஃபான்ட்ஸ் தரும் ஒற்றை வரி இணைப்பைப் போட்டால் போதுமே என்பது நியாயமான கேள்வி. ‘வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய கோப்பு வாசகரின் உலாவியில் இருக்கும், மறுபடி இறங்காது’ என்பது அதற்குச் சொல்லப்பட்ட பெரிய காரணம். அது இப்போது செல்லாது. 2020 அக்டோபரில் வந்த குரோம் 86 முதல் உலாவியின் சேமிப்பு தளவாரியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. சஃபாரி அதற்கும் முன்பே அப்படித்தான். ஒரு தளத்தில் இறங்கியது அடுத்த தளத்துக்கு உதவாது. போதாக்குறைக்கு, வெளி வழங்கிக்கு (சர்வர்) புதிதாக இணைப்பு ஏற்படுத்தும் நேரமும் சேர்கிறது. ஐரோப்பாவில் சட்டச் சிக்கலும் உண்டு: வாசகரின் ஐபி முகவரி அவர் ஒப்புதல் இல்லாமல் கூகுளுக்குப் போனதற்காக, மியூனிக் நீதிமன்றம் ஒன்று 2022 ஜனவரியில் ஒரு தளத்தின் உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது.

ஆகவே கோப்புகள் தளத்திலேயே இருக்கட்டும். முக்தா மலர் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்தது, அதனால் சொந்த வழங்கியில் வைக்கத் தடையில்லை. உரிமக் கோப்பின் முதல் சில வரிகளை மட்டும் படித்துவிடுங்கள். அங்கே ‘ஒதுக்கப்பட்ட பெயர்’ என்று ஏதாவது குறித்திருந்தால், கோப்பைக் கத்தரித்த (வேண்டாத எழுத்துகளை நீக்கிச் சிறிதாக்கிய) பிறகு அதே பெயரில் வெளியிடக் கூடாது, வேறு பெயர் வைக்க வேண்டும். உள்ளே எதையும் மாற்றாமல் வாஃப்2 (WOFF2) என்ற வலை எழுத்துரு வடிவமாகச் சுருக்குவது மாற்றமாகக் கருதப்படுவதில்லை; கத்தரிப்பது மாற்றம்தான். விலைக்கு வாங்கிய எழுத்துரு என்றால் கதை வேறு. கணினியில் நிறுவும் உரிமமும் இணையத்தில் பரிமாறும் உரிமமும் பெரும்பாலும் தனித்தனியாக விற்கப்படுகின்றன.

வடிவம் வாஃப்2 ஒன்று போதும். பழைய வழிகாட்டிகளில் ஈஓடி, எஸ்விஜி, டிடிஎஃப், வாஃப் என்று நான்கைந்து கோப்புகளை அடுக்கியிருப்பார்கள். ஈஓடி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காக மட்டும் இருந்தது. வாஃப்2 2018 மார்ச்சில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகிவிட்டது. இன்று புழக்கத்தில் உள்ள எல்லா முதன்மை உலாவிகளும் அதைப் படிக்கின்றன.

தடித்த தலைப்பு, இரண்டு முறை தடித்தது

ஸ்டைல்ஷீட்டில் இரண்டு ஃபான்ட்-ஃபேஸ் விதிகள், அதாவது எழுத்துருவை அறிவிக்கும் விதிகள், இருந்தன. ஒன்றுக்கு ‘முக்தா மலர்’ என்றும் மற்றொன்றுக்கு ‘முக்தா மலர் போல்ட்’ என்றும் பெயர். இரண்டிலும் தடிமனைச் சொல்லும் ஃபான்ட்-வெயிட் வரி எழுதப்படவில்லை. எழுதாவிட்டால் உலாவி அதை 400 என்றே எடுத்துக்கொள்ளும். தலைப்புக் குறிச்சொற்களோ உலாவியின் இயல்பு நடையிலேயே 700 கேட்கின்றன. கேட்டது 700, கையில் இருக்கும் கோப்பு 400 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. உடனே உலாவி தானாகவே தடிமனைக் கூட்டி வரைந்துவிடுகிறது. ஏற்கெனவே தடித்த எழுத்தின் மேல் இன்னொரு சுற்று மை. ஆங்கிலத்தில் இது கண்ணில் படாமல் போகலாம். தமிழில் சுழிகளும் வளைவுகளும் நெருக்கமானவை என்பதால் ‘ணை’, ‘ஞ’, ‘இ’ போன்றவை சட்டென்று அடைபடும்.

சரியான வழி: இரண்டு விதிகளுக்கும் ஒரே குடும்பப் பெயர், ஒன்றில் ஃபான்ட்-வெயிட் 400, மற்றதில் 700. அதன்பின் தலைப்புக்குத் தனியாக எழுத்துருப் பெயர் சொல்லவே தேவையில்லை, உலாவி தானே பொருத்தமான கோப்பை எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட தடிமன் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் விதி உண்டு. 500 கேட்டால் 400 கோப்பு வரும். 600 கேட்டால் 700 வரும். ‘பொத்தான் எழுத்து தடிக்கவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாரின் வேர் பல நேரம் இந்த 500-தான்.

சாய்வெழுத்து இதைவிடச் சங்கடம். முக்தா மலரில் சாய்ந்த வடிவம் கிடையாது. தமிழ் எழுத்துருக்களில் அப்படியொன்று இருப்பதே அரிது, தமிழ் அச்சு மரபிலும் அதற்கு ஆழ்ந்த வேர் இல்லை. ஆனாலும் பதிப்பு மென்பொருள்கள் மேற்கோளுக்கும் நூற்பெயருக்கும் சாய்வுக் குறிச்சொல்லைப் போட்டுவிடுகின்றன. உலாவி நேரெழுத்தை அப்படியே தள்ளிச் சாய்க்கிறது. ஃபான்ட்-சிந்தசிஸ்-ஸ்டைல் பண்புக்கு ‘நன்’ (none) என்று கொடுத்தால் இந்தப் போலிச் சாய்வு நிற்கும். மேற்கோளை நிறத்தாலோ ஒற்றை மேற்கோள்குறியாலோ காட்டலாம். தமிழ்ப் பக்கத்தில் அதுதான் கண்ணுக்கும் இதம்.

‘கொ’ ஏன் உடைந்தது

கோப்பின் எடையைக் குறைக்க, தளத்தில் உள்ள கட்டுரைகளில் வரும் எழுத்துகளை மட்டும் எண்ணியெடுத்து, அவற்றை மட்டும் வைத்துக் கோப்பைக் கத்தரித்திருந்தார்கள். சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் இது பயனுள்ள உத்தி; அங்கே எழுத்துகள் ஆயிரக்கணக்கில். தமிழுக்கு இது வேண்டாத வேலை, ஆபத்தான வேலையும்கூட.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய தொகுதியில் 128 இடங்கள், நிரப்பப்பட்டவை 72. பள்ளியில் படித்த 247 எழுத்துகளில் பெரும்பகுதிக்கு அங்கே தனி இடம் கிடையாது. ‘கு’ என்பது ‘க’வும் உகரக் குறியும், அவை சேர்ந்தால் எந்த வடிவம் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்வது எழுத்துருக் கோப்பின் உள்ளே இருக்கும் ஜிசப் அட்டவணை. ‘கு’, ‘மூ’, ‘டி’, ‘டீ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ எல்லாம் அந்த அட்டவணை வழியாக வரும் வடிவங்கள். புள்ளி எழுத்தின் தலைமேல் சரியாக உட்காருவதற்கும் இத்தகைய அட்டவணைகளே பொறுப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிக் கருவிகள் சில, ‘சிறியதாக்கு’ என்றதும் இந்த அட்டவணைகளைக் கழற்றி வீசிவிடும். எழுத்துகள் எல்லாம் கோப்பில் இருக்கும், சேர்க்கை மட்டும் நடக்காது. ‘டி’ உடைந்ததற்குக் காரணம் அதுதான்.

‘கொ’வின் சிக்கல் வேறு. ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனி இடம் உண்டு. ஆனால் திரையில் வரையும்போது அது இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போகிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற வடிவாக்க நிரல் வரைவதற்கு முன்பே இந்தப் பிரிப்பைச் செய்துவிடும். எண்ணியெடுத்த பட்டியலில் ஒகரக் குறி இருந்து, எகரக் குறியோ கால்குறியோ விடுபட்டிருந்தால், பிரித்த பிறகு வரைவதற்கு வடிவம் இல்லாமல் போகலாம். அப்போது உலாவி அந்த ஒரு எழுத்தைத் தூக்கிக்கொண்டு கணினியில் உள்ள வேறு தமிழ் எழுத்துருவிடம் போகிறது. விண்டோஸில் அது நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐஃபோனில் தமிழ் சங்கம். சொல்லின் நடுவே ஒரு எழுத்து மட்டும் வேறு முகத்தோடு நிற்பதன் மர்மம் இவ்வளவுதான். தமிழ் நிறைய உள்ள கட்டுரையில் எகரக் குறி எங்காவது வந்தே தீரும், பட்டியலிலும் ஏறிவிடும். நான்கு சொல் உள்ள பெயர்ப்பலகைக்காகத் தனியே கத்தரித்த கோப்புகளில்தான் இது அடிக்கடி நேர்கிறது.

தீர்வு, தமிழ்த் தொகுதியை முழுதாக வைத்துக்கொள்வது. பைதானின் ஃபான்ட்டூல்ஸ் தொகுப்பில் வரும் பைஎஃப்டிசப்செட் என்ற கட்டளைவரிக் கருவி இதற்கு ஏற்றது. வாஃப்2 வேண்டுமானால் ப்ரோட்லி தொகுப்பையும் நிறுவ வேண்டும். கட்டளைக்கு நான்கு தகவல்கள் தேவை: மூல டிடிஎஃப் கோப்பு, யூனிகோட் எல்லை, வெளியீட்டு வகை வாஃப்2, லேஅவுட்-ஃபீச்சர்ஸ் என்ற தெரிவுக்கு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் கொடுத்தால் அட்டவணையில் உள்ள எந்தச் சேர்க்கையும் கழியாது. எல்லைக்குள் இருக்கும் எழுத்துகள் சேர்ந்து எந்தெந்த வடிவங்களை எட்டுமோ, அவற்றையும் கருவி தானே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும். இதன்பின் ஒரு தடிமனுக்கான கோப்பு சில பத்து கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கும் கீழே குறைக்க முயல்வதில் லாபமில்லை.

எல்லையில் தமிழ்த் தொகுதியைத் தவிர வேறு சிலவும் வேண்டும். பதின்ம எண்களில் சொன்னால்: தமிழ்த் தொகுதி 2944 முதல் 3071 வரை, இணைப்பைத் தடுக்கும், இணைக்கும் கண்ணுக்குத் தெரியாக் குறிகள் 8204, 8205, ரூபாய்க் குறி 8377, புள்ளிவட்டம் 9676. ‘க்ஷ’ என்று சேர்ந்துவிடாமல் ‘க்’, ‘ஷ’ எனத் தனித்தனியே நிற்கவைக்க 8204 வேண்டும். தனித்து நிற்கும் உயிர்க்குறியை இலக்கணப் பாடத்தில் காட்டும்போது வடிவாக்க நிரல் புள்ளிவட்டத்தைத் தேடும். ஸ்டைல்ஷீட்டிலும் கருவியிலும் இந்த எண்களைப் பதினாறடிமானத்துக்கு மாற்றித்தான் எழுத வேண்டும்.

ஒரு காற்புள்ளிக்காக இறங்கிய கோப்பு

தமிழ், லத்தீன் இரண்டையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து, யூனிகோட்-ரேஞ்ச் என்ற வரியால் எந்த எழுத்துக்கு எந்தக் கோப்பு என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் அந்த எழுத்து வந்தால் மட்டுமே கோப்பு இறங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் கூகுள் ஃபான்ட்ஸின் பிரிப்பை அப்படியே நகலெடுத்ததில் ஒரு விஷயம் கவனிக்கப்படவில்லை. அந்தப் பிரிப்பில் சொல்லிடை வெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, 0 முதல் 9 வரை எல்லாம் லத்தீன் பக்கம். காற்புள்ளியோ எண்ணோ இல்லாத தமிழ்ப் பக்கம் ஏது? ஆகவே எல்லாப் பக்கத்திலும் இரண்டு கோப்புகளும் இறங்கின. இரண்டு தடிமன்களுக்கும் சேர்த்து நான்கு.

பிரிப்பை மாற்றியதும் தீர்ந்தது. 32 முதல் 64 வரையுள்ள வெளி, எண், நிறுத்தக்குறி ஆகியவையும், வளைந்த மேற்கோள்குறிகளும் (8216, 8217, 8220, 8221), நீள்கோடுகளும் (8211, 8212), முப்புள்ளியும் (8230) தமிழ்க் கோப்புக்குப் போயின. லத்தீன் கோப்பில் மீதி எழுத்துகள் மட்டும். இரண்டின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் ஸ்டைல்ஷீட்டில் பின்னால் எழுதிய விதிக்கே முன்னுரிமை. கோப்பைக் கத்தரிக்கும் எல்லையும் யூனிகோட்-ரேஞ்ச் வரியும் ஒரே பட்டியலிலிருந்து வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், ‘இருக்கிறது’ என்று ஸ்டைல்ஷீட் சொல்லும் எழுத்து கோப்பில் இருக்காது.

சொல்லிடை வெளி தமிழ்க் கோப்பில் இருப்பதால் இன்னொரு நன்மை உண்டு, இது பலருக்குத் தெரியாது. வரி உயரத்தை ‘நார்மல்’ என்று விட்டிருந்தால், உலாவி அதைப் பட்டியலில் உள்ள ‘முதல் கிடைக்கும் எழுத்துரு’வின் அளவுகளிலிருந்து கணக்கிடும். சொல்லிடை வெளிக்குரிய எண் யாருடைய எல்லைக்குள் இருக்கிறதோ அதுவே அந்த முதல் எழுத்துரு. வெளி வேறு எழுத்துருவிடம் இருந்தால், தமிழ்ப் பத்தியின் வரி உயரம் தமிழே தெரியாத ஒரு எழுத்துருவின் அளவில் அமையும். எப்படியானாலும் வரி உயரத்தை எண்ணாக எழுதிவிடுவது நல்லது. தமிழ்க் கட்டுரைக்கு 1.6 முதல் 1.75 வரை. அலகு போடாமல் வெறும் எண்ணாக எழுதுங்கள். ஆங்கில வார்ப்புருக்களில் தலைப்புக்கு 1.1 அல்லது 1.2 என்று இருக்கும்; அதை அப்படியே விட்டால் மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். பெட்டிக்கு வெளியே வழிவதை மறைக்கும் விதியும் கூடவே இருந்தால் விசிறியும் கொக்கியும் வெட்டுப்படும்.

குதிக்கும் பத்திகள்

ஃபான்ட்-டிஸ்ப்ளே வரியை எழுதாமல் விட்டால், உலாவிகள் பெரும்பாலும் 3 நொடி வரை எழுத்தைக் காட்டாமல் காத்திருக்கும். பக்கம் வெறுமையாக நிற்கும். ‘ஸ்வாப்’ என்று கொடுத்தால் கணினியின் எழுத்துருவில் உடனே காட்டி, கோப்பு வந்ததும் மாற்றும். ‘ஃபால்பேக்’ ஏறத்தாழ 100 மில்லிநொடி காத்திருந்து, பிறகு 3 நொடிக்குள் கோப்பு வந்தால் மட்டும் மாற்றும். ‘ஆப்ஷனல்’ அந்த 100 மில்லிநொடியோடு சரி; வராவிட்டால் அந்தப் பக்கத்துக்குக் கணினி எழுத்துருவே. நீண்ட கட்டுரை படிக்கும் தளத்துக்கு ‘ஃபால்பேக்’ ஏற்றது. பாதி படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்து மாறுவதைவிட, மாறாமலே இருப்பது மேல்.

மாறும்போது பத்தி குதிப்பதற்குக் காரணம், இரண்டு எழுத்துருக்களின் அகலமும் வேறு. இதைச் சரிகட்ட, எழுத்தளவைச் சதவீதத்தில் கூட்டிக் குறைக்கும் சைஸ்-அட்ஜஸ்ட் என்ற வரி இருக்கிறது. ஆனால் தானியங்கிக் கருவிகள் இங்கே தமிழைக் கைவிடுகின்றன. உதாரணமாக, தளம் கட்டப் பயன்படும் நெக்ஸ்ட்.ஜேஎஸ் தானாகச் செய்யும் சரிகட்டல் ஏரியல் அல்லது டைம்ஸ் நியூ ரோமனை அடிப்படையாக வைக்கிறது. ஏரியலில் தமிழே இல்லை. சரிகட்டல் ஆங்கிலத்துக்கு நடக்கும், தமிழ் எப்போதும்போல் குதிக்கும்.

கையால் அளப்பது கடினமில்லை. நீளமான தமிழ் வாக்கியம் ஒன்றை மடியாத ஒற்றை வரியாக, ஒரே அளவில், முதலில் நிர்மலாவிலும் பிறகு முக்தா மலரிலும் வைத்து அகலத்தைப் படியுங்கள். நிர்மலாவில் 1000 பிக்சல், வலை எழுத்துருவில் 940 பிக்சல் என்று வந்தால், விகிதம் 94 சதவீதம். இனி மூன்றாவதாக ஒரு ஃபான்ட்-ஃபேஸ் விதி: பெயர் ‘மாற்று-நிர்மலா’ என்பதுபோல் ஏதாவது, மூலம் கணினியில் உள்ள நிர்மலா, சைஸ்-அட்ஜஸ்ட் 94 சதவீதம். எழுத்துருப் பட்டியலில் முக்தா மலருக்கு அடுத்து இதை வையுங்கள். ஆப்பிள் கருவிகளுக்கு இதேபோல் தமிழ் சங்கத்தை அளந்து இன்னொரு விதி. உயரத்தைச் சரிசெய்ய அசென்ட்-ஓவர்ரைடு, டிசென்ட்-ஓவர்ரைடு வரிகளும் உண்டு. வரி உயரத்தை எண்ணாக எழுதிய தளத்தில் அவற்றின் தேவை குறைவு.

மாற்று எழுத்துருவே போதுமா என்ற கேள்வியையும் தள்ளிவிடக் கூடாது. விக்கிப்பீடியா 2011 இறுதியில் இந்திய மொழி விக்கிகளில் வலை எழுத்துருக்களை ஏற்றியது. அப்போது பல கணினிகளில் நம் எழுத்துகள் பெட்டிகளாகத் தெரிந்தன. 2014 தொடக்கத்தில் வேகக் காரணங்களுக்காக அதை இயல்பாக இயங்காதபடி அணைத்தது. பெட்டிகளைத் தவிர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் இன்று எழுத்துரு ஏற்றவே வேண்டாம். தளத்துக்கென்று ஒரு முகம் வேண்டுமென்றால் மட்டும் ஏற்றலாம்.

வராமலே போன கோப்பு

துணைத்தளத்துக்கு மாற்றியதும் எழுத்துரு நின்றதன் காரணம் எளிது. படங்களை எந்தத் தளத்திலிருந்தும் இழுக்கலாம், எழுத்துருவுக்கு அப்படியில்லை. வேறு முகவரியிலிருந்து வரும் கோப்புக்கு ‘இந்தத் தளம் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற அனுமதித் தலைப்பை (ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்) வழங்கி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாது, உலாவியின் கன்சோலில் மட்டும் சிவப்பு வரி. கோப்பின் பாதை இன்னொரு பொறி: அது பக்கத்தின் இருப்பிடத்தைப் பொறுத்ததல்ல, ஸ்டைல்ஷீட் கோப்பின் இருப்பிடத்தைப் பொறுத்தது.

கோப்பைச் சீக்கிரம் இறக்க ப்ரீலோட் இணைப்பு போடலாம். 400 தடிமன் தமிழ்க் கோப்புக்கு மட்டும் போதும். ப்ரீலோட் யூனிகோட்-ரேஞ்சைப் பார்க்காது, சொன்னதையெல்லாம் இறக்கிவிடும். அந்த இணைப்பில் கிராஸ்ஆரிஜின் பண்பு கட்டாயம், கோப்பு அதே தளத்தில் இருந்தாலும்கூட. விட்டுவிட்டால் ஒரே கோப்பு இரண்டு முறை இறங்கும். உலாவியின் ஆய்வுக் கருவியில் நெட்வொர்க் பலகத்தில் ஒரே பெயர் இருமுறை வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சேமிப்புக் காலம் ஓராண்டு, அதாவது 31536000 நொடி. கோப்புப் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும். பிழை திருத்திய கோப்பைப் பழைய பெயரிலேயே ஏற்றினால் பழைய வாசகர்கள் ஓராண்டுக்கு உடைந்த ‘டி’யையே பார்ப்பார்கள்.

சரிபார்க்க ஒரு சோதனை வரி: ‘ஸ்ரீ க்ஷ கொ கோ கௌ கு கூ டி டீ மூ ணை னை லை ளை ₹ 1,234’. குரோமின் ஆய்வுப் பலகத்தில் கம்ப்யூட்டட் பகுதியின் அடியில், திரையில் உண்மையில் வரையப்பட்ட எழுத்துருக்களின் பெயரும் ஒவ்வொன்றிலும் எத்தனை வடிவங்கள் என்பதும் இருக்கும். முக்தா மலர் ஒன்றே தெரிய வேண்டும். கூடவே நிர்மலாவில் ஓரிரு வடிவங்கள் என்று காட்டினால் எல்லையில் ஏதோ விடுபட்டிருக்கிறது. உங்கள் கணினியில் முக்தா மலர் நிறுவப்பட்டிருந்தால் சோதனைக்கு முன் அதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபான்ட்-ஃபேஸ் விதியே பிழைபட்டிருந்தாலும் எழுத்துரு வந்ததுபோல் தெரியக்கூடும்.

இந்த முறைக்குள் அடங்காத பக்கங்களும் அதே தளத்தில் இருந்தன: யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கட்டுரைகள். பாமினி எழுத்துருவையும் ஃபான்ட்-ஃபேஸ் வழியாக ஏற்றிவிட்டால் அவை தமிழாகத் தெரியும். ஆனால் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகளே. ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு வரும்வரை வாசகர் பார்ப்பதும், தேடுபொறி படிப்பதும், திரைவாசிப்பான் உச்சரிப்பதும் அந்த ஐந்து குறிகளைத்தான். அந்தப் பக்கங்களுக்கு எழுத்துரு ஏற்றவில்லை. உரையை யூனிகோடுக்கு மாற்றி, இடையிலிருந்த உண்மையான ஆங்கிலச் சொற்கள் மாற்றத்தில் சிதைந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது.